நேரப் பிழைக் கணக்கை மூடிவிடாதீர்கள்

மின்தொகுப்புகளை இயக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றுக்கு விதி வகுக்கும் ஆணையங்களுக்கும்,

வணக்கம்.

சில கடிகாரங்கள் மின்னோட்டத்தின் சுழற்சிகளை எண்ணியே நேரம் காட்டுகின்றன; அவை முந்தினாலோ பிந்தினாலோ அதிர்வெண்ணை, அதாவது நொடிக்கான சுழற்சி எண்ணிக்கையை, சற்றே மாற்றி நியம நேரத்தோடு ஒத்துப்போகச் செய்வீர்கள். இந்தத் திருத்த வழக்கத்தைக் கைவிடலாம் என்ற பேச்சு உங்கள் வட்டாரத்தில் அவ்வப்போது தலைதூக்குகிறது. வட அமெரிக்காவில் 2011இல் ஓராண்டு நிறுத்திப் பார்க்கத் திட்டமிட்டுப் பின்வாங்கினார்கள். 2017இல் அதற்கான கட்டாய விதியே நீக்கப்பட்டது. உங்கள் வாதம் புரியாமல் இல்லை. கைப்பேசி செயற்கைக்கோளிடம் நேரம் கேட்டுக்கொள்ளும் காலத்தில், அடுப்பிலும் சுவரிலும் இருக்கும் கடிகாரங்களுக்காக மின்நிலையங்களை முடுக்குவதும் தளர்த்துவதும் எதற்கு?

கடிகாரம் மட்டுமே பேச்சு என்றால் நானும் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

1916இல் பாஸ்டன் மின்நிலையத்தில் ஹென்றி வாரன் ஒரு கடிகாரத்தை நிறுவினார். அதில் ஒரு முள்ளை ஊசல் இயக்கியது. இன்னொன்றை நிலையத்தின் மின்சாரமே இயக்கியது. இரண்டும் பிரியாமல் பார்த்துக்கொள்வது பணியாளரின் பொறுப்பு. தம் மின்கடிகாரங்கள் சரியாக ஓடவேண்டும் என்பதற்காக அவர் செய்த ஏற்பாடு அது. ஆனால் அதிர்வெண் சராசரியில் எவ்வளவு விலகியது என்பதும் அதனால் வெளிப்படையாகத் தெரிந்தது.

அந்த இரண்டாவது முள்ளின் அருமை 2018இல் விளங்கியது. அவ்வாண்டு ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம்வரை ஐரோப்பாக் கண்டத்தின் தொகுப்பு 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் சராசரியாக 49.996 ஹெர்ட்ஸில் ஓடியது. திரையில் இந்த எண்ணைப் பார்க்கும் எவரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். எந்த எச்சரிக்கை மணியும் இதற்கு ஒலிக்காது. ஆனால் சுழற்சிகளை எண்ணும் கடிகாரம் இதனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 வினாடி பின்தங்கும். மார்ச் தொடக்கத்தில் 25 நாடுகளில் அத்தகைய கடிகாரங்கள் 6 நிமிடம் பிந்தியிருந்தன. செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையிலான பிணக்கில், கொசோவோ பயன்படுத்திய அளவுக்கு மின்சாரம் தொகுப்பில் சேரவில்லை. அதை ஈடுசெய்யவேண்டிய பொறுப்பையும் எவரும் நிறைவேற்றவில்லை. பற்றாக்குறை 113 கிகாவாட் மணி. அரசியல் பிணக்கு ஒன்றை மக்கள் தங்கள் சமையலறைக் கடிகாரத்தில் பார்த்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில்தான் நேரம் சரியானது.

நொடிக்கு நொடி அதிர்வெண் அந்தக் கணத்தின் பற்றாக்குறையை மட்டுமே சொல்லும். நேரப் பிழையோ, அதாவது அந்தக் கடிகாரங்கள் நியம நேரத்திலிருந்து மொத்தம் விலகிய வினாடிகளோ, பேரேட்டின் நிலுவைப் பத்தி போன்றது; சில்லறைக் கடன்கள் அதில் கூடிக்கொண்டே போகும், மறைக்க வழியில்லை. திருத்தத்தை நிறுத்தும் நிறுவனம் அடுத்து அளவிடுவதையும் நிறுத்தும் என்பதுதான் என் அச்சம். யாருக்கும் பயன்படாத எண்ணை எந்த அலுவலகமும் நெடுநாள் எழுதிக்கொண்டிருக்காது.

திருத்தம் ஆபத்தானது என்கிறீர்கள். கடிகாரம் முந்திவிட்டால் அதிர்வெண் இலக்கை 49.99 ஹெர்ட்ஸுக்கு இறக்கவேண்டும். அந்நேரம் பெரிய நிலையம் ஒன்று நின்றுபோனால், அவசரத்துக்கென ஒதுக்கிய மின்திறனான காப்பிருப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். உண்மைதான். ஆனால் ஐரோப்பாவில் உடனடியாகச் செயல்படும் முதல்நிலைக் காப்பிருப்பு முழுமையாகப் பயன்படுவது 200 மில்லிஹெர்ட்ஸ் விலகலுக்கு. நீங்கள் இறக்குவது அதில் இருபதில் ஒரு பங்கு. நெருக்கடி வேளையில் திருத்தத்தைத் தள்ளிவையுங்கள், யார் தடுத்தார்கள்? நேரப் பிழை 20 வினாடியைத் தாண்டினால் திருத்தவேண்டும் என்ற வரம்பு இறுக்கமாக இருந்தால் அறுபதாக்குங்கள். அதற்கும் எனக்கு மறுப்பில்லை.

ஸ்விட்சர்லாந்தின் மின்தொகுப்பு நிறுவனமான ஸ்விஸ்கிரிட் ஐரோப்பாவுக்காக இந்த விலகலைக் கணக்கிட்டுவருகிறது. அதைப்போல ஒவ்வொரு தொகுப்பும் தன் நேரப் பிழையை அதிர்வெண்ணுக்குப் பக்கத்திலேயே நாள்தோறும் பொதுவில் வெளியிடவேண்டும். வரம்பு மீறினால் காரணத்தையும், எந்தப் பகுதியின் பற்றாக்குறை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். திருத்தத்தை நிறுத்தியே தீர்வதென்றால் சில ஆண்டுகள் முன்னதாக அறிவியுங்கள். சுழற்சியை எண்ணி ஓடும் நேர சுவிட்சுகளை விற்பவர்கள் அதற்குள் மாற்றிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மின் நுகர்வோர் ஒருவர்