ஆற்றுக்கு அக்கரையில் செல்லாத உரிமம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மாநிலங்களுக்கு இடையிலான மருத்துவ உரிம ஒப்பந்தங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் நர்ஸ். வீடு மினசோட்டாவின் மூர்ஹெட்டில். வேலை ரெட் ஆற்றுக்கு அக்கரையில், வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவில். நடுவில் ஒரு பாலம், அவ்வளவுதான்.

இனி டாக்டருக்கும் ஒரே உரிமம் போதும் என்று அதில் ஒரு வரி இருந்தது. முதலில் அதற்கு ஒரு திருத்தம். டாக்டருக்கும் நர்ஸுக்கும் ஒப்பந்தம் ஒரே மாதிரி இல்லை. நர்ஸ் ஒப்பந்தம் டிரைவிங் லைசென்ஸ் போல: குடியிருக்கும் மாநிலத்தில் வாங்கியது, ஒப்பந்தத்தில் உள்ள சுமார் 40 மாநிலங்களில் பொது உரிமமாகச் செல்லும். டாக்டர்களுக்கு விண்ணப்ப அலைச்சல்தான் குறைகிறது. மாநிலத்துக்கு மாநிலம் தனி உரிமம், தனிக் கட்டணம்.

மினசோட்டா, டாக்டர் ஒப்பந்தத்தில் 2015-லேயே சேர்ந்துவிட்டது. நர்ஸ் ஒப்பந்தத்தில் இன்னும் இல்லை. எல்லையில் உள்ள இரண்டு டகோட்டாக்கள், அயோவா, விஸ்கான்சின் நான்கும் உள்ளே. நான் குடியிருப்பது மினசோட்டா என்பதால் எனக்கு அந்தப் பொது உரிமம் கிடையாது. மினசோட்டாவுக்கும் வடக்கு டகோட்டாவுக்கும் இரண்டு தனி உரிமங்கள் வைத்திருக்கிறேன். (தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலில் பதிந்தவர் கர்நாடகத்தில் வேலைக்குச் சேர்ந்தால் அங்கே மறுபடி பதிய வேண்டும். அதிலிருந்து தப்பித்து வந்தேன் என்று நினைத்தேன்!)

இதய சிகிச்சை முடிந்து வீடு போனவர்களைப் போனில் விசாரிப்பது என் வேலை. எடை எவ்வளவு, கால் வீங்கியிருக்கிறதா, மாத்திரை போட்டீர்களா. போன மாதம் ஒரு பாட்டி, இரண்டு நாளில் எடை நாலு பவுண்டு ஏறிவிட்டது என்றார். எங்கே இருக்கிறீர்கள் என்றேன். மகள் வீட்டில், ஆபெர்டீனில். அது தெற்கு டகோட்டா. நோயாளி எங்கே இருக்கிறாரோ அந்த மாநிலத்தில் செல்லும் உரிமம் வேண்டும். என்னிடம் அது இல்லை. கொஞ்சம் லைனில் இருங்கள் என்று சொல்லி, பக்கத்து மேசைத் தோழியிடம் கொடுத்தேன். அவளுக்கு வீடு ஃபார்கோவில், பொது உரிமம் உண்டு, பேசலாம்.

ஆகவே மினசோட்டா சேர வேண்டும் என்பதே என் கட்சி. சேர்ந்தபின் வேலைநிறுத்தம் செய்தால் வெளிமாநில நர்ஸ்களை இறக்கிவிடுவார்கள் என்ற பயம் நர்ஸ்களிடம் உண்டு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒப்பந்தம் வந்தால் கிராமத்து ஆஸ்பத்திரிக்கு ஆள் கிடைத்துவிடும் என்று கட்டுரை முடிகிறதே, அதை ஏற்க முடியவில்லை. முன்பு, ஒப்பந்தத்தில் உள்ள ஒரு மாநிலத்தில், சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் இருந்தேன். 13 வாரக் காண்டிராக்டில் வெளியூர் நர்ஸ்கள் வருவார்கள். மருந்து அறைச் சாவி எங்கே தொங்குகிறது என்று பழகுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் சம்பளத்தைக் கேட்டுவிட்டு எங்களில் இரண்டு பேர் அதே வேலைக்குப் போனார்கள். பொது உரிமம் இருந்ததால் அதற்கு ஒரு மனுகூட எழுத வேண்டியிருக்கவில்லை. அவர்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை. நைட் ஷிஃப்டை மீதிப் பேர் பகிர்ந்துகொண்டோம்.

கிராமப்புற மருத்துவத்துக்கு மத்திய அரசு 2026 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒதுக்கியிருக்கும் 50 பில்லியன் டாலரைப் பிரிக்கும்போது, இத்தகைய ஒப்பந்தங்களில் சேர்ந்த மாநிலங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. அந்தப் பணத்தில் நர்ஸ் தங்க வீடும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவும் கொடுக்கிறார்களா என்று உங்கள் கட்டுரையாளர் விசாரித்து எழுதலாம்.

டாக்டர் உரிமம் பற்றிய அந்த வரியை மட்டும் அடுத்த இதழில் திருத்திவிடுங்கள். கட்டுரையைப் படித்த, டாக்டரான என் நாத்தனார் மகன், ‘அத்தை, இனி எனக்கு ஒரு லைசென்ஸ் போதுமாமே!’ என்று போன் செய்துவிட்டான்.

வாசகி,
மூர்ஹெட், மினசோட்டா