மாட வீதிகளை மாலையில் நடப்பவர்களுக்குக் கொடுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர், போக்குவரத்துக் காவல் துறை அதிகாரிகள், மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைப் பகுதிகளின் சபாச் செயலாளர்கள் ஆகியோருக்கு,

வணக்கம். எங்கள் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்கழி இசை விழா நடக்கும் டிசம்பர் 15 முதல் பொங்கல் வரை, நாள்தோறும் மாலை 4 மணி முதல் இரவு 9 மணி வரை, கபாலீசுவரர் கோயிலின் வடக்கு, கிழக்கு மாட வீதிகளில் மோட்டார் வாகனங்களை நிறுத்தி, அவ்வீதிகளை நடப்பவர்களுக்கு விட வேண்டும். பேருந்துகள் ஓடும் ராமகிருஷ்ண மடம் சாலையை நாங்கள் கேட்கவில்லை. ஆம்புலன்சுக்கும், அவ்வீதிகளில் குடியிருப்போரின் வண்டிகளுக்கும், நடக்க இயலாதவர்களை ஏற்றிவரும் ஆட்டோக்களுக்கும் வழி இருக்க வேண்டும் என்பதிலும் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

மார்கழியில் இவ்வளவு இசை இவ்வளவு சிறிய பரப்புக்குள் ஒலிக்கும் இடம் வேறொன்று உண்டா என்பது எனக்கு ஐயமே. கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன், சுந்தரேசுவரர் தெருவில் ரசிக ரஞ்சனி சபா, லஸ் அவென்யூவில் ராகசுதா அரங்கம், முசிறி சுப்பிரமணியம் சாலையில் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், சற்றுத் தள்ளி டி.டி.கே. சாலையில் நாரத கான சபாவும், 1928ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மியூசிக் அகாடமியும் இருக்கின்றன. ஓரிடத்தில் பிற்பகல் கச்சேரியைக் கேட்டுவிட்டு, வழியில் ஒரு காபி குடித்து, இன்னோரிடத்தில் மாலைக் கச்சேரிக்கு உட்காரலாம். தொலைவு ஒரு தடையே அல்ல. நடக்க இடம் இல்லாததுதான் தடை. நடைபாதை முழுவதும் இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. இறங்கி நடந்தால் பின்னாலிருந்து காரின் ஒலிப்பான் துரத்துகிறது.

எழுபத்தெட்டு வயதாகும் என் அம்மா, சென்ற ஆண்டு ஓர் அரங்கிலிருந்து மற்றோர் அரங்குக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தபோது, நிறுத்தியிருந்த வண்டிகளைச் சுற்றிச் சாலையில் இறங்க நேர்ந்தது. அந்த நொடியில் உரசிச் சென்ற ஓர் ஆட்டோவுக்கு அஞ்சி விலகியவர் தடுமாறி விழுந்தார். முழங்காலில் அடி. அறுபது ஆண்டுகளாக ஒரு மார்கழியையும் தவறவிடாதவர், எஞ்சிய கச்சேரிகளை வீட்டில் கைப்பேசியில் கேட்டார். கேட்டு முடித்த ஒவ்வொரு முறையும், "காதுக்குக் கிடைத்தது, பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட ஆள் இல்லையே" என்பார். அவரைப் போல எத்தனை பேர், தெருவுக்கு அஞ்சி அரங்கத்தைக் கைவிட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இது புதிய ஏற்பாடும் அல்ல. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் அறுபத்து மூவர் வீதியுலாவுக்காக இதே வீதிகள் ஆண்டுதோறும் வண்டிகளின்றி விடப்படுகின்றன. வீட்டு வாசல்களில் நீர்மோரும் பானகமும் அன்னமும் வழங்கப்படுகின்றன. அவ்வளவு பெருங்கூட்டத்தையும் காவல் துறையினர் பொறுமையாக நடத்திச் செல்வதை நாங்கள் நன்றியுடன் பார்த்து வருகிறோம். ஜனவரியில் நடக்கும் மயிலாப்பூர் விழாவில் வடக்கு மாட வீதியின் தார்ச்சாலையே கோலப் போட்டிக்குத் தரையாகிறது. தியாகராய நகர் பாண்டி பஜார் 2019ஆம் ஆண்டில் நடப்பவர்களுக்கான வளாகமாக மாறியதையும் நகரம் கண்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பூம்பாவையை அழைத்துப் பாடிய பதிகத்தில் மயிலையின் விழாக்களை மாதவாரியாக அடுக்குகிறார். அடியார்க்கு அமுது படைப்பதில் தொடங்குகிறார். 'மலிவிழா வீதி' என்றே இவ்வூர்த் தெருவைச் சொல்கிறார். அன்றைய கோயில் கடலோரத்தில் இருந்தது என்பர். இன்றைய தெருக்களும் அன்றைய தெருக்களாக இருக்க முடியாது. ஆனால் பாட்டும் உணவும் கூட்டமும் தெருவில் சேரும் வழக்கம் இவ்வூரை விட்டுப் போகவில்லை. மார்கழி விடியலில் பாபநாசம் சிவன் இந்த நான்கு மாட வீதிகளிலும் பஜனை பாடி வலம் வந்தார். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. விடியலில் பாட்டுக்கு உரியதாக இருக்கும் தெரு, மாலையில் மட்டும் ஏன் அதற்கு அந்நியமாக வேண்டும்?

சபாச் செயலாளர்களே, இனி உங்களிடம் பேசுகிறேன். உங்கள் தொடக்க விழாக்களில் மங்கல இசையாக நாகஸ்வரம் ஒலிக்கிறது. அதன் பிறகு மாலைக் கச்சேரிகளின் பட்டியலில் நாகஸ்வரத்தைத் தேட வேண்டியிருக்கிறது. நாகஸ்வரமும் தவிலும் கூரைக்கு அடியில் வளர்ந்தவை அல்ல. சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, தேரோடும் தெருவில் இரவு நெடுநேரம் நீளும் ராக ஆலாபனை என்று வெட்டவெளியில் வளர்ந்தவை. அந்த முழக்கத்தை நான்கு சுவர்களுக்குள் ஒலிபெருக்கி வைத்துக் கேட்டால் காது வலிக்கும். கோபுரத்தடியில் ஒலிபெருக்கி இல்லாமல் கேட்டால் உடல் சிலிர்க்கும். ஆகவே, வாகனமற்ற மாட வீதியில் நாள்தோறும் மாலை 5 மணி முதல் 6 மணி வரை ஒரு நாகஸ்வரக் குழுவை வாசிக்கச் செய்யுங்கள். சபாக்கள் முறை வைத்து ஆளுக்குச் சில நாட்களை ஏற்றால் போதும். உங்கள் மேடையில் மாலை நேரக் கச்சேரிக்கு என்ன சன்மானமோ, அதே சன்மானம் அவர்களுக்கும் தரப்பட வேண்டும். இதில் குறைத்துப் பேசுவதை நாங்கள் ஏற்க மாட்டோம். தெருவில் வாசிப்பவர்களுக்குத் தெருவிலை என்ற எண்ணம் அந்தக் கலைக்கு ஏற்கெனவே போதுமான தீங்கைச் செய்துவிட்டது. வாரத்தில் இரு நாட்களைப் பறைக்கும் தெருக்கூத்துக்கும் ஒதுக்குங்கள்.

உங்கள் கேண்டீன்களைப் பற்றியும் ஒரு சொல். நுழைவுச்சீட்டு இல்லாதவரும் வந்து உட்கார்ந்து கீரை வடையும் அக்காரவடிசிலும் சாப்பிடலாம் என்ற பெருந்தன்மை பல சபாக்களில் இருக்கிறது. பாட்டுக்கு வெளியே நிற்கும் ஒருவர் உள்ளே வரும் முதல் கதவு அதுதான். அதை ஒருபோதும் சாத்திவிடாதீர்கள். வாசலில் அன்றைய கச்சேரிகளின் பட்டியலைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். சாப்பிட வந்தவர் அதைப் பார்த்து அரங்குக்குள் நுழைந்ததை நான் கண்டிருக்கிறேன்.

மாநகராட்சிக்கு ஒரு கவலையைத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். தெருவை ஒழுங்குபடுத்துகிறோம் என்ற பெயரில் மாட வீதிகளின் பூக்காரம்மாக்களையும், நவராத்திரியில் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை பரப்புகிறவர்களையும் அகற்றிவிடக் கூடாது. தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுத்து, அந்த இடத்தை வண்டிகள் ஆக்கிரமிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் இல்லாத மாட வீதி, நடப்பதற்கு வசதியாக இருந்தாலும் மயிலாப்பூராக இராது. கூடவே, பெண்களுக்கும் முதியோருக்கும் சுத்தமான கழிப்பறைகள் வேண்டும். இரண்டு கச்சேரிகளுக்கு இடையே தண்ணீர் குடிக்கவே அஞ்சும் பெண்கள் எங்களில் பலர்.

1997ஆம் ஆண்டிலேயே பறக்கும் ரயில் திருமயிலைக்கு வந்துவிட்டது. இரண்டாம் கட்ட மெட்ரோவின் இரு வழித்தடங்கள் இங்கே சந்திக்கவிருக்கின்றன. ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் எல்லாரும் நடந்துதான் சபாக்களுக்கு வருவார்கள். இசைக்கான படைப்பாக்க நகரம் என்று 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோ சென்னையை ஏற்றது. அந்தப் பட்டியலைப் பார்த்து வெளியூரிலிருந்து வருகிறவரும் இதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

ஒரு மாதம் முழுவதும் உடனே இயலாது என்றால், வரும் மார்கழியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலாவது இதைச் செய்து பாருங்கள். நவம்பர் முதல் வாரத்தில் குடியிருப்போர், கடைக்காரர்கள், பூ விற்போர், சபாக்கள், காவல் துறை அனைவரையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்தால், எந்தத் தெருமுனையில் தடுப்பு வைப்பது, வண்டிகளை எங்கே நிறுத்துவது என்பதைக் குறித்த வரைபடத்தோடு நாங்கள் வருகிறோம். முதல் ஞாயிறன்று நாகஸ்வரக்காரர்கள் அமர ஜமக்காளமும், கேட்க வரும் முதியவர்களுக்கு நாற்காலிகளும் எங்கள் தெரு வீடுகளிலிருந்து வரும்.

இங்ஙனம்,
வடக்கு மாட வீதிக்கு அருகில் வசிக்கும் ஒரு ரசிகை