டேஷ்போர்டில் கால் வைக்காதே, கண்ணம்மா

அன்பு மகளுக்கு,

நேற்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளை கார் ஓட்டுகிறார். நீ பக்கத்து சீட்டை நன்றாகச் சாய்த்துப் போட்டு, இரண்டு காலையும் டேஷ்போர்டின் மேல் தூக்கி வைத்திருக்கிறாய். "பிள்ளை முகம் தெளிஞ்சிருக்கு" என்றாள் அம்மா. எனக்கோ உன் கால்தான் கண்ணில் பட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார், உன் குதிகாலுக்குப் பக்கத்தில் 'எஸ்ஆர்எஸ் ஏர்பேக்' என்று பொறித்திருப்பது தெரியும். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது, முன்னால் போன வண்டி சட்டென்று நிற்க, நான் போய் மோதினேனே, அதை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டீயரிங்குக்குள் இருந்த ஏர்பேக், அந்தக் காற்றுப்பை, விரிந்ததை நான் பார்க்கவே இல்லை. பார்க்கும்போது அது காற்றிறங்கி என் மடியில் துவண்டு கிடந்தது. கார் முழுக்கப் புகைபோல வெள்ளைத் தூள். தீப்பிடித்துவிட்டது என்று பயந்துபோனேன். என் மூக்குக்கண்ணாடி பின்சீட்டில் கிடந்தது. முன்கை இரண்டும் சிவந்து எரிந்தன. அன்றைக்கு பெல்ட் போட்டிருந்தேன், ஸ்டீயரிங்கை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். அதனால் அந்த எரிச்சலோடு போயிற்று.

அப்புறம்தான் அது எப்படி வேலை செய்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன். மோதியதும் காரின் வேகம் சட்டென்று குறைவதை சென்சார்கள் உணரும். கட்டுப்பாட்டுப் பெட்டி கணக்குப் போட்டு மின்சாரத்தை அனுப்பும். பைக்குப் பின்னாலிருக்கும் வெடிமருந்து பற்றிக்கொண்டு வாயுவாக மாறிப் பையை நிரப்பும். பை விரிய ஆகும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. கண்ணிமைக்கும் நேரம் என்கிறோமே, அது இதைவிடப் பல மடங்கு நீளம். அவ்வளவு சீக்கிரம் விரிய வேண்டுமென்றால், மணிக்கு 300 கிலோமீட்டர் வரைக்கும்கூட வேகமெடுத்துத்தான் அது வெளியே வந்தாக வேண்டும்.

அதைத் தலையணை என்று நினைத்துவிடாதே. விரிந்து முடிந்த பிறகுதான் அது தலையணை. நம் உடம்பு போய் அழுந்தும்போது பின்பக்கத் துளைகள் வழியாக வாயு வெளியேறி நம்மைத் தாங்கிக்கொள்ளும். விரிகிற நேரத்தில் குறுக்கே என்ன இருந்தாலும் அடி அதன் மேல்தான். உன் கால் அங்கே இருந்தால் முழங்கால் முகத்தில் வந்து மோதும், இடுப்பும் தொடையும் முறியும்.

சீட்டைச் சாய்த்துப் போட்டிருந்தாயே, அதுவும் ஆகாது. தோளில் படிய வேண்டிய பெல்ட் விலகி நிற்கும், மோதினால் நீ அதற்கு அடியில் வழுக்கிப் போய்விடுவாய். எஸ்ஆர்எஸ் என்றால் 'சப்ளிமென்டல் ரெஸ்ட்ரெயின்ட் சிஸ்டம்', பெயரிலேயே இது துணை ஏற்பாடு என்றுதான் இருக்கிறது. முதல் காவல் பெல்ட்தான். பெல்ட் போடாதவர் பிரேக் பிடிக்கும்போதே சரிந்து, பை விரியும் இடத்துக்குள் முகத்தைக் கொண்டுபோய் வைத்துவிடுவார்.

நீ ஓட்டும்போது இன்னொரு கவலை. உனக்கு என் உயரம் வரவில்லை, அம்மாவைப் போல சீட்டை முன்னால் இழுத்து ஸ்டீயரிங்கை ஒட்டி உட்காருகிறாய். நெஞ்செலும்புக்கும் ஹார்ன் மூடிக்கும் நடுவில் 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். சீட்டைப் பின்னால் தள்ளினால் கால் எட்டவில்லை என்றால் முதுகுப் பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொள், அப்போது சாலை சரியாகத் தெரியாவிட்டால் சீட்டை உயர்த்திப் பார். ஸ்டீயரிங் உன் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கட்டும். கைகள் கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். ஒரு கையை ஸ்டீயரிங்குக்குக் குறுக்கே போட்டு ஓட்டும் பழக்கம் உனக்கு உண்டு, அதை விட்டுவிடு.

குட்டி பின்சீட்டில் இருப்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. அழுகிறான் என்று எக்காரணம் கொண்டும் முன்னால் மாற்றாதே. பின்பக்கம் பார்த்து வைக்கும் அவன் சீட்டின் முதுகு ஏர்பேக்கை ஒட்டி நிற்கும், விரிந்தால் அடி நேராக அவன் தலைக்குத்தான். பன்னிரண்டு வயது முடியும்வரை அவன் பின்னாலேயே உட்காரட்டும்.

வண்டி நீங்கள் பழையதாக வாங்கியது. சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைகிறதா என்று பார். அணையாவிட்டாலும் கோளாறு, எரியவே இல்லையென்றாலும் கோளாறு. அப்புறம் டகாட்டா விவகாரம். அந்த நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் இருந்த வெடிமருந்து வெயிலிலும் ஈரப்பதத்திலும் நாள்பட நாள்படக் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து ஆட்களைக் கொன்றது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். கார் தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டால் உங்கள் வண்டியும் அதில் உண்டா என்று தெரிந்துவிடும். மாப்பிள்ளையை இந்த வாரமே பார்க்கச் சொல்.

நீ ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து, அவரை ஸ்கேல் வைத்து அளக்கச் சொல். எத்தனை சென்டிமீட்டர் வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா