விலங்கின் நடையில் பிறக்கும் லாஜிக் கேட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினோராம் வகுப்புக்குக் கணினி அறிவியல் கற்பிப்பவன் என்ற முறையில், கணினி விளையாட்டுகளை வெறும் நேர விரயம் என்று ஒதுக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

ஆடம்ஸ் சகோதரர்கள் 2006-இல் வெளியிட்ட ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ விளையாட்டில், ஆர்வலர்கள் விலங்குகளைக் கொண்டே லாஜிக் கேட்டுகளை, அதாவது ஆம் (1), இல்லை (0) என்ற உள்ளீடுகளிலிருந்து ஒரு விடை தரும் கணினியின் அடிப்படைச் சுற்றுகளை, அமைத்திருக்கிறார்கள். ஒடுங்கிய பாதையில் அடைபட்ட விலங்கு வெளியேறும் வழியைத் தேடிக்கொண்டே இருக்கும். ஒரு கதவு திறந்தால் அந்தப் பக்கம் ஓடும், அது மூடிக்கொண்டால் சட்டென்று திரும்பி மறுபக்கம் ஓடும், போகிற வழியில் தரையில் பதித்த அழுத்தத் தட்டை மிதித்ததும் அதனோடு இணைக்கப்பட்ட வேறொரு கதவு இயங்கும். இரண்டு கதவுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் இரண்டும் திறந்திருந்தால்தான் விலங்கு கடக்க முடியும்; அதுவே ‘அண்ட்’ கேட். அருகருகே வைத்தால் ஏதேனும் ஒன்று திறந்திருந்தாலே போதும்; அது ‘ஆர்’ கேட். தண்ணீரைக் கொண்டும் இதைச் செய்யலாம். ஆனால் தண்ணீர் ஆவியாகி வற்றிவிடும்.

வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் இந்தப் பாதையை வரைந்து, ஒரு மாணவியை விலங்காக நடக்கச் சொன்னேன். இரண்டாவது கதவாக நின்ற மாணவன் கையை நீட்டி மறித்ததும் அவள் நின்று, “அப்போ விடை பூஜ்யம்தானே, சார்?” என்று கேட்டாள். எந்த உள்ளீட்டுக்கு என்ன விடை என்று காட்டும் உண்மை அட்டவணையை மனப்பாடம் செய்த எவரும் அதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. இத்தகைய பயிற்சிகளைத் தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் படத்துடன் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர், மதுரை