கணக்குக் கோப்பில் நேரடியாகக் கை வைக்காதீர்கள்: சித்தூர் தாலுகா கணினி ஆய்வக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சார், டீச்சர் அனைவருக்கும் வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் ஆய்வகப் பொறுப்பில் இருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பக்கத்து லினக்ஸ் கணினிகளைப் பழுது பார்ப்பவன் நான்.

ஜூனில் பள்ளி திறந்ததும் மாணவர் கணக்குகளின் பெயரை மாற்றும் வேலை வந்துவிடும். கூடவே வாட்ஸப்பில் ஒரு வரிக் கட்டளையும் சுற்ற ஆரம்பிக்கும்: எழுத்துகளைத் தேடி மாற்றும் ‘செட்’ (sed) கட்டளையைப் போட்டு, கணக்குகளின் பட்டியல் இருக்கும் பாஸ்வர்டு கோப்பில் (/etc/passwd) பெயரை மாற்றுவது. தயவுசெய்து அதைப் போடாதீர்கள், அடுத்தவருக்கும் அனுப்பாதீர்கள்.

‘கிளாஸ்1’ கணக்கை ‘லேப்1’ ஆக்கப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செட் எழுத்துகளை மட்டும்தான் ஒப்பிடும். அதனால் ‘கிளாஸ்10’ கணக்கும் ‘லேப்10’ ஆகிவிடும். அந்தக் கோப்பில் ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியால் பிரித்த ஏழு பகுதிகள். ஆறாவது பகுதியில் ஹோம் ஃபோல்டரின் பாதை இருக்கிறது. வரி முழுக்க மாற்றச் சொல்லியிருந்தால் அதுவும் மாறும், ஆனால் ஃபோல்டர் பழைய பெயரிலேயே கிடக்கும். கடவுச்சொல்லோ இங்கே இல்லை, ‘ஷேடோ’ என்ற வேறு கோப்பில் பழைய பெயரில் இருக்கிறது. பிள்ளை சரியான கடவுச்சொல்லைத்தான் தட்டுகிறது, உள்ளே விடமாட்டேன் என்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. ஐடி செய்முறைத் தேர்வு நேரத்தில் இப்படி ஆனால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

இதைவிட மோசம், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் இருந்துகொண்டு செட்டின் விடையை அதே கோப்புக்குத் திருப்பி எழுதுவது. செட் படிக்கத் தொடங்கும் முன்பே, நாம் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும். அப்புறம் ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்டித் தரும் சூடோவுக்கே (sudo) நீங்கள் யாரென்று தெரியாது. உபுண்டு லினக்ஸில் ரூட் கணக்கும் பூட்டித்தான் வருகிறது. பொள்ளாச்சியிலிருந்து ஆள் வரும்வரை அந்தக் கணினி சும்மா கிடக்க வேண்டியதுதான்.

பெயர் மாற்ற ‘யூசர்மாட் மைனஸ் எல்’ (usermod -l) என்ற கட்டளை இருக்கிறது. அந்தக் கணக்கில் யாரும் உள்ளே இல்லாதபோது போடுங்கள். ஷேடோவிலும் சேர்த்தே மாற்றிவிடும். கோப்பைத் திறந்துதான் ஆக வேண்டுமென்றால் ‘விபிடபிள்யூ’ (vipw). இது கோப்பைப் பூட்டி, நகலில் திருத்தவிட்டு, முடிந்ததும்தான் அசலாக வைக்கும். ஷேடோவுக்கு அதோடு மைனஸ் எஸ், கணக்குக் குழுக்களின் கோப்புக்கு ‘விஜிஆர்’ (vigr). முடித்ததும் ‘பிடபிள்யூசிகே மைனஸ் ஆர்’ (pwck -r) ஒரு தடவை ஓட்டுங்கள். எதையும் மாற்றாமல் தவறான வரிகளை மட்டும் சொல்லும். இன்னொரு ஜன்னலில் ரூட் ஷெல் ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள். புதுப் பெயரில் உள்ளே போய்ப் பார்த்த பிறகு மூடினால் போதும்.

செட்டையும், வரிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் படிக்கும் ‘ஆக்’கையும் (awk) ஒதுக்கச் சொல்லவில்லை. படிக்க அவற்றைவிட நல்ல கருவி கிடையாது. பாஸ்வர்டு கோப்பின் மூன்றாவது பகுதியில், அதாவது கணக்கின் எண்ணில், சுழியம் உள்ள வரிகளை ஆக் வைத்து எடுத்துப் பாருங்கள். ரூட்டைத் தவிர வேறு பெயர் வந்தால் அந்தக் கணக்குக்கும் ரூட்டின் அதிகாரம் முழுதும் இருக்கிறது என்று பொருள். எழுதும்போது மட்டும் வேண்டாம் என்கிறேன்.

அப்புறம், ஷேடோவின் நகலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு திரியாதீர்கள். ஃபேட் (FAT) வடிவ டிரைவில் உரிமைக் கட்டுப்பாடே கிடையாது, எடுத்தவர் எவரும் படிக்கலாம்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரமும் பாடத்துக்குப் பயன்படாத ஒரு பழைய கணினியும் கொடுங்கள். உங்கள் கண்முன்னே கோப்பைக் கெடுத்து, பழுது நீக்குவதற்கான ரெக்கவரி மோடில் போய் மீட்டுக் காட்டுகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கணினிப் பணியாளன்