கும்பல் வேறு, குழு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருக்களுக்குக் குடிநீர் முறையாக வருவதில்லை என்று மனுக் கொடுப்பதற்காகச் சென்ற வாரம் நகராட்சி அலுவலகத்துக்குச் சென்றவர்களில் நானும் ஒருவன். மறுநாள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அச்செய்தி வெளியாகியிருந்தது, அதற்கு நன்றி. ஆனால் அச்செய்தியில் நாங்கள் ‘கும்பல்’ ஆகியிருந்தோம். அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில், இருசக்கர வாகனங்களைத் திருடி விற்றதாகக் கைதானவர்களும் ‘கும்பல்’தான்.

தேரோட்டத்தன்று ‘ஒரே கும்பல்’ என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும்போது அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மக்கள் திரண்டிருந்தார்கள் என்பதே பொருள். செய்தியாளரும் அப்படி நினைத்தே எழுதியிருக்கக்கூடும். எனினும் கொள்ளை, கடத்தல், மோசடி ஆகிய சொற்களோடு நெடுங்காலம் அச்சில் சேர்ந்து பழகிவிட்டதால், ‘கும்பல்’ என்று படித்தவுடன் வாசகர் மனத்தில் கைவிலங்கும் சேர்ந்தே தோன்றிவிடுகிறது.

கூடி இயங்குவோரைக் குறிக்கும் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்கத்தக்கவை என்ற எண்ணமே இக்குழப்பத்துக்குக் காரணம். ‘பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும் வேந்தலைக்கும் கொல்குறும்பும் இல்லது நாடு’ என்ற குறளில், ஒரு நாட்டைக் கெடுக்கும் மூவகைக் கூட்டங்களை வள்ளுவர் மூன்று சொற்களால் பிரித்துக் காட்டுகிறார். இதில் ‘பல்குழு’ என்பதற்குப் பரிமேலழகர் சங்கேத வயத்தால் மாறுபட்டுக் கூடும் கூட்டங்கள் என்று உரை கூறி, சாதி பற்றியும் கடவுள் பற்றியும் பலருக்கு உண்டாகும் ஒருமையே சங்கேதம் என்றும் விளக்குகிறார். இன்று சங்கேதம் என்றால் பிறர் அறியாத மறைகுறி. அன்று அது ‘நம்மவர்’ என்ற ஒட்டுதல். நெருக்கமும் மறைவும் எவ்வளவு அருகருகே வாழ்கின்றன என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதும். (வேந்தனை அலைக்கழித்த ‘குறும்பு’ இன்று குழந்தைகளின் விளையாட்டுத்தனமாகிவிட்டது வேறு கதை.)

‘கோஷ்டி’யின் நிலை இதைவிட இரங்கத்தக்கது. வைணவக் கோயில்களில் திவ்யப் பிரபந்தம் ஓதுவோரின் கோஷ்டி இன்றும் மதிப்புக்குரியது. அரசியல் பக்கத்திலோ அச்சொல்லுக்குப் பின்னால் ‘பூசல்’ அல்லது ‘மோதல்’ வராத நாள் அரிது. ‘சிண்டிகேட்’ என்பதும் அவ்வாறே. பல்கலைக்கழகத்தில் அது சட்டப்படி அமைந்த ஆட்சிக்குழு. 1969இல் காங்கிரஸ் பிளவுபட்டபோது நிஜலிங்கப்பா, காமராஜர் முதலிய மூத்த தலைவர்களுக்கு எதிர்த்தரப்பினர் ஏளனமாகப் பயன்படுத்திய பெயர். ஒப்பந்தப்புள்ளிச் செய்திகளில், போட்டியில்லாமல் தமக்குள் பேசி முடித்துக்கொள்பவர்களின் கூட்டு. ஆகவே எந்தச் சொல்லையும் விலக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எவரைச் சுட்டுகிறோம், அவர்களைப் பற்றி உறுதியாக என்ன தெரியும் என்பதைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

என்னைக் கேட்டால், குழுவைப் பிறவற்றிலிருந்து பிரிப்பது கணக்குக் காட்டும் கடமைதான். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது ஊர்ப்பிரிவுகளிலிருந்து, குடவோலை முறையில் வாரியங்கள் என்ற நிருவாகக் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுப்பதை விவரிக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய தாயோடும் தந்தையோடும் உடன்பிறந்தவர்கள், அத்தை மாமன் மக்கள் என்று நெருங்கிய உறவினரும் தேர்வுக்குத் தகுதியற்றவர்கள் என்று அது விதித்தது. பொறுப்பு ஒரு சிலருடைய உள்வட்டத்துக்குள் முடங்கிவிடக் கூடாது என்ற அச்சம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் ஏறியிருக்கிறது. பெயர்ப்பட்டியலும் வரவுசெலவுப் பதிவேடும் வைத்திருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் ‘குழு’ என்ற பெயர் பொருந்துகிறது. ஓர் அமைப்புக்குள்ளேயே இருந்துகொண்டு, மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாமல் முடிவெடுப்பவர்களை ‘உட்குழு’ எனலாம். ‘சதிக்கூட்டம்’ என்பதோ சதி மெய்ப்பிக்கப்பட்ட பிறகே எழுதத்தக்க சொல். காவல்துறையின் செய்திக்குறிப்பில் இருக்கிறது என்பதற்காக அதை அப்படியே தலைப்பில் ஏற்றுவது தீர்ப்பை முந்திக்கொள்வதாகும். ‘கூட்டுக்களவாணி’ என்ற பேச்சுவழக்குச் சொல்லைக் கருத்துப்படக்காரருக்கு விட்டுவிடலாம்.

இரண்டு அங்குலப் பத்தியில் இவ்வளவு ஆராய்ச்சிக்கு இடமில்லை என்று துணையாசிரியர்கள் சொல்லக்கூடும். ஆனால் ‘கும்பல்’ என்பதற்குப் பதிலாக ‘பொதுமக்கள்’ என்றோ, ‘குடியிருப்போர்’ என்றோ எழுதியிருந்தால் கூடுதலாகப் பிடித்திருக்கும் இடம் சில எழுத்துகளே. எங்கள் தெருக்களுக்கு இன்னும் தண்ணீர் சரியாக வரவில்லை. எனவே வரும் திங்கட்கிழமை அதே அலுவலகத்துக்கு மீண்டும் செல்ல இருக்கிறோம். அன்றைய செய்தியில் எங்களைப் ‘பொதுமக்கள்’ என்றோ ‘குடியிருப்போர்’ என்றோ குறிப்பிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.