சந்துக்குள் வராத கேரல்

எங்கள் தேவாலயப் பங்குப் பேரவைக்கும் இளையோர் மன்றத்துத் தம்பி தங்கைகளுக்கும், தோத்திரம்.

வீடு வீடாகப் பாடிப் போகிற கிறிஸ்துமஸ் கேரல், போன டிசம்பரில் டெம்போவில் வந்தது. சீரியல் செட், ஆளுயர ஸ்பீக்கர், பென்டிரைவில் பாட்டு. தார் ரோட்டில் நான்கு இடத்தில் நின்றது, ஊர் முடிந்துவிட்டது. எங்கள் சந்துக்குள் வண்டி நுழையாது. அம்மா வாசல் தெளித்து, சுக்குக் காப்பி கொதிக்கவைத்து, பத்தரை வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் உண்டியல் வந்தது. அது மட்டும் சந்துக்குள் நுழைந்துவிட்டது.

கேட்டால் பத்து மணிக் கட்டுப்பாடு என்கிறீர்கள். சரிதான், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாதென்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அதற்காக ஊரைச் சுருக்குவதா? தெருக்களைப் பிரித்து மூன்று ராத்திரி, ஏழு மணிக்கே கிளம்பி நடந்து வாருங்கள்.

எங்கள் சின்ன வயதில் பெட்ரோமாக்ஸைத் தலையில் சுமந்து ஒருவர் முன்னே போவார். ஆர்மோனியத்தைத் துண்டில் கட்டிக் கழுத்தில் மாட்டியபடி அப்பா. பின்னால் டோலக்கு, ஜால்ரா, மப்ளர் சுற்றிய பிள்ளைகள். குழந்தை இயேசு சொரூபத்தை நடுவீட்டில் மணைமேல் வைப்பார்கள். வீட்டார் அதை முத்தி செய்து, அதாவது முத்தமிட்டு வணங்கியபிறகுதான் பாட்டு. அந்த வருஷம் சாவு விழுந்த வீடென்றால் டோலக்கு வாசலிலேயே நின்றுவிடும். ஒரே பாட்டு, மெதுவாக, பிறகு செபம். பென்டிரைவுக்கு இது தெரியாது. பக்கத்துத் தெலுங்குக்காரர் வீட்டிலும் கூப்பிட்டுப் பாடச் சொல்வார்கள். பாதி புரியாமலே அந்தப் பாட்டி தாளம் போடுவார்.

இயேசு பிறப்பைக் காட்டும் கிறிஸ்துமஸ் குடிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1223-இல் புனித அசிசி பிரான்சிஸ் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தித்தான் குடில் காட்டினார். கேழ்வரகுத் தாள் குவிந்து கிடக்கிற ஊரில் நமக்கு எதற்குத் தெர்மோகோல்?

அப்பாவின் பாட்டு நோட்டு என்னிடம் இருக்கிறது. வரிகள் இருக்கின்றன, மெட்டு இல்லை. ஓரத்தில் ‘கும்மி மெட்டு’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். அதைப் பாடத் தெரிந்த கிழவிகள் ஊரில் இரண்டே பேர். அவர்களைப் போனில் பதிவு செய்யுங்கள். கிருஷ்ணகிரி 2004-இல் தனி மாவட்டமானாலும், 1997-இல் ஓர் ஆயரின் கீழ் அமைந்த தருமபுரி மறைமாவட்டத்தில் நாமெல்லாம் இன்னும் ஒன்றுதான். எலத்தகிரி, கோவிலூர் போன்ற பழைய பங்குகளிலும் விசாரியுங்கள். கட்டிக்கொடுத்த பெண்களோடு போன மெட்டுகள் அங்கே யார் வாயிலாவது இருக்கலாம்.

ஆள் இல்லை என்பீர்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை செய்கிற பையன்கள் சனி, ஞாயிறு வருகிறார்களே, அந்த நாட்களாகப் பார்த்து வையுங்கள். ஆர்மோனியத்துக்குத் துருத்தி மாற்றும் செலவு என்னுடையது.

முதல் ராத்திரி எங்கள் சந்திலிருந்து தொடங்குங்கள். டம்ளர் எத்தனை வேண்டும் என்று அம்மா இப்போதே கேட்கிறார்.